முயலுக்கு எண்ணெய் தேய்த்தவள்

பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டுவதில் என்ன இருக்கிறது, தண்ணீரை ஊற்றித் துடைத்தால் தீர்ந்தது என்று சொல்லுகிறவர்களை உலகம்மையிடம் ஒரு வாரம் அனுப்பிவைக்க வேண்டும். மூன்றாம் நாளே இடுப்பைப் பிடித்துக்கொண்டு தம்பானூரில் போய் ரயில் ஏறிவிடுவார்கள். விடியற்காலை நாலரைக்கு எழுந்திருக்க வேண்டும். ஐந்தரைக்கு முதல் வீடு, ஏழுக்கு இரண்டாவது, எட்டரைக்கு மூன்றாவது. ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளை ஒன்று, பெற்றவள் ஒருத்தி. இரண்டு பேருக்கும் எண்ணெய், இரண்டு பேருக்கும் வெந்நீர். பெற்றவளுக்கு வேப்பிலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரைச் செம்பு செம்பாக மோந்து இடுப்பில் ஓங்கி அடிக்க வேண்டும். பிள்ளைக்கோ பூவைத் தொடுகிற மாதிரி தொட வேண்டும். ஓங்கிய கையையே உடனே மெதுவாக்குவது சாதாரண வித்தையா? இருபத்தாறு வருஷமாக உலகம்மை இதைத்தான் செய்துகொண்டிருந்தாள். லீவு என்ற பேச்சே கிடையாது. பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியுமா, பொங்கல் தெரியுமா?

அது தொண்ணூற்றேழாம் வருஷம், ஐப்பசி மாதம். உலகம்மைக்கு வயது ஐம்பத்தொன்று. திருவனந்தபுரத்தில், ஆரியசாலையில், கயிறு அடுக்கி வைக்கிற ஒரு கிட்டங்கிக்குப் பின்னால் ஒற்றை அறை. அதை ஒட்டி ஓலை வேய்ந்த ஒரு சாய்ப்பு. அதுதான் வீடு. புருஷன் பிச்சைக்கனி மிளகாய் வற்றல் மொத்தக் கடையில் மூட்டை பிரித்துத் தரம் பார்க்கிறவர். இரண்டு பேரும் வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஒரே மகளைத் திசையன்விளையில் கட்டிக் கொடுத்தாயிற்று. அதற்குப் பிறகு உலகம்மைக்கென்று இருந்தது இரண்டு கைகளும் அந்தக் கைகளின் பேரும்தான்.

கைகளின் பேர் என்றால் கைராசி. அவள் குளிப்பாட்டிய பிள்ளை ஒன்றாவது நாற்பது நாள் தாண்டாமல் போனது உண்டா என்று ஆரியசாலைத் தமிழ்க் குடும்பங்களில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். வளைகாப்பு முடிந்த கையோடு அவளிடம் சொல்லிவைத்துவிடுவார்கள். ஆனால் அந்தக் கைராசிக்காரி கைகளைப் பார்த்தால் ராசி தெரியாது, வீக்கம்தான் தெரியும். வலது மணிக்கட்டு பன்னிரண்டு மாதமும் வீங்கியே இருக்கும். பெருவிரலை மடக்கினால் உயிர் போகும். பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து சிமென்ட் தரையில் மல்லாக்கப் படுத்தாள் என்றால், "இந்த ரெண்டையும் கழத்தி ஆணியில மாட்டிட்டு ஒரு நாள் தூங்குனா போதும்" என்பாள். பிச்சைக்கனி சிரிப்பார். அவள் சிரிக்க மாட்டாள். விளையாட்டுக்குச் சொன்னால் அல்லவா சிரிக்க!

அப்போது அவளுக்கு முதல் வீடு பொன்செல்வியின் வீடு. கயிற்றுக் கடைக்காரர் வீட்டு மருமகள். இரண்டாவது பேறு, ஆண் பிள்ளை, பிறந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. மாமியார் முத்தாரம்மாள் வீட்டை ஒரு பார்வையிலேயே நடத்துகிறவள். அன்றைக்குக் குளிப்பாட்டி முடித்து, பிள்ளைத் துணிகளைக் காயப்போட உலகம்மை மொட்டைமாடிக்கு ஏறினாள். தண்ணீர்த் தொட்டியின் ஓரமாக ஒரு ஆப்பிள் பெட்டி, மேலே கம்பி வலை. உள்ளே என்னவோ அசைந்தது.

முயல். வெள்ளை முயல் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் வெள்ளை முன்பாதியில் மட்டும்தான். பின்பாதி முழுவதும் மூத்திரக் கறையில் மஞ்சளாகிச் சடைபிடித்துக் கிடந்தது. நகங்கள் வளர்ந்து வளைந்து, பாதத்தைத் தரையில் சரியாக வைக்கவும் முடியவில்லை. கிண்ணத்தில் தண்ணீர் இல்லை. நனைந்த காகிதத்தின்மேல் ஊறிப்போன பாதி பிஸ்கட். ராத்திரி மழைச் சாரல் முழுக்க அதன் மேலேதான் அடித்திருக்கிறது.

கீழே வந்து கேட்டாள். பொன்செல்விக்கு முகம் சுருங்கிவிட்டது.

"மூத்தவ பூமாரி கேட்டான்னு அவ அப்பா வாங்கிக் குடுத்தது, சித்தி. ஒரு மாசம் கீழ விடாம கொஞ்சுனா. பெறவு இவன் வயித்துல வந்துட்டான், எனக்கு ஒரே வாந்தி. மேல கொண்டு வச்சதுதான். ஆருக்காவது குடுத்திருவோம்னா கறிக்கடைக்காரன்தான் கேக்கான்."

"நான் கொண்டு போறேன்" என்றாள் உலகம்மை.

சொன்ன பிறகுதான் அவளுக்கே திக்கென்றது. முயல் மேல் அவளுக்கு ஆசையா? ஒரு மண்ணும் இல்லை. அழுக்காக ஒரு உயிரைப் பார்த்தால் அந்தக் கைகள் சும்மா இருக்காது, அவ்வளவுதான். மனுஷி அலுத்துச் சலித்துக் கிடந்தாலும் கைகளுக்கு அந்த விவரம் தெரிவதில்லை. மற்ற இரண்டு வீட்டையும் முடித்துவிட்டு வந்து, ஆப்பிள் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மழைச் சேற்றில் நடந்து வீடு சேர்ந்தாள்.

இனி நடந்ததைக் கேளுங்கள். வீட்டுக்குப் புதிதாக வந்த உயிருக்கு உலகம்மை என்ன செய்வாள்? அவளுக்குத் தெரிந்த ஒரே உபசாரம் எதுவோ அதைச் செய்தாள். அடுப்பில் வெந்நீர் வைத்தாள். தேங்காய்ப் பால் காய்ச்சி இறக்கிய உருக்கெண்ணெய் பிள்ளைகளுக்கென்று ஒரு குப்பியில் இருந்தது. அதை வெதுவெதுப்பாகச் சூடு காட்டினாள். சாய்ப்பில் கால் இரண்டையும் நீட்டி உட்கார்ந்து, சேலையை முழங்காலுக்கு ஏற்றி, பிள்ளையைப் போடுகிற மாதிரியே முயலைக் கணைக்காலின்மேல் மல்லாக்கப் போட்டாள். அது இரண்டு உதை விட்டது. நெஞ்சில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். அவ்வளவுதான், அடங்கிவிட்டது. கையும் காலும் தளர்ந்து, கண் திறந்தபடி, துணி மாதிரி கிடந்தது.

"பாத்தியா, ஒரு கை வச்சதும் சொக்கிட்டே. இத்தன நாளும் இதுக்குத்தான் ஏங்கிக் கெடந்திருக்கே, ராசாத்தி" என்றாள்.

எண்ணெயைச் சடையில் தேய்த்து ஊறவைத்தாள். பயத்தமாவு போட்டுக் கழுவினாள். செம்பு செம்பாக வெந்நீர் ஊற்றினாள். காதுக்குப் பின்னால் விரல் விட்டுத் தேய்த்தாள். காதுக்குப் பின்னால் தேய்க்காத குளியல் குளியலே அல்ல என்பது அவள் சித்தாந்தம். கடைசியில் சாம்பிராணிப் புகையும் காட்டினாள். முயல் ஒரு எதிர்ப்பும் காட்டவில்லை. இவ்வளவு சமர்த்தான பிள்ளையை இருபத்தாறு வருஷத்தில் பார்த்ததில்லை என்று அவளுக்கு ஒரே பெருமை.

துடைத்துக் கீழே விட்டபோதுதான் பெருமை இறங்கியது. முயல் நிற்கவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்தது. உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. காது இரண்டும் ஐஸ் மாதிரி சில்லிட்டிருந்தன. எண்ணெய் முழுதும் போகாமல் முடியெல்லாம் உடம்போடு ஒட்டி, கோழிக் குஞ்சைவிடச் சின்னதாகத் தெரிந்தது. சேலை முந்தானையில் சுற்றி நெஞ்சோடு அணைத்தாள். அந்த நெஞ்சுக்கூட்டுக்குள் அடித்த அடியில் அவள் நெஞ்சும் சேர்ந்து அடித்தது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த பிச்சைக்கனி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னட்டி இது?"

"பொன்செல்வி வீட்டு மொசலு. குளிப்பாட்டுனேன். இப்படி ஆயிட்டு."

"வேலியில போன ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விட்ட கதையா இருக்கே! சும்மா கெடக்க மாட்டியா நீ? செத்துகித்துப் போச்சுன்னா என்னாவும் தெரியுமா? உலகம்ம குளிப்பாட்டுனா, செத்துப் போச்சும்பானுவ. மொசலுங்கறத விட்டுருவானுவ. குளிப்பாட்டுனதத்தான் பிடிச்சிக்கிடுவானுவ."

அவளுக்கும் அது தெரியாமல் இல்லை. கைராசி வர இருபத்தாறு வருஷம் ஆனது. போக ஒரு வார்த்தை போதும். ஆனால் அந்த நிமிஷத்தில் அவளைப் பிடித்து உலுக்கியது அது மட்டும் அல்ல. தன் கால்மேல் கிடந்த ஒரு உயிர் சாகப் போகிறது. அப்படி ஒன்று இதுவரை நடந்ததே இல்லை. அவள் சோற்றை அடுப்பின்மேலேயே விட்டுவிட்டு, முயலைத் துண்டில் சுருட்டிக்கொண்டு, ஆட்டோ பிடித்து மிருக ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

அங்கே ட்யூட்டியில் இருந்தது ஷிஜா என்று ஒரு இளம் டாக்டர். மார்த்தாண்டத்துக்காரி, தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் வரும். விஷயத்தைக் கேட்டதும் முதலில் சிரித்துவிட்டாள். முயலைத் தொட்டுப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"குளிப்பிச்சதும் போதாதுன்னு எண்ணெயும் தேச்சீங்களா, அம்மே? புகையும் காட்டினீங்களா? எந்தினா இது, எதுக்கு?"

"பிள்ளைக்குச் செய்யுத மாதிரிதான் டாக்டரம்மா செஞ்சேன். நல்லா சொக்கிக் கெடந்துதே?"

"அது சொக்கல் இல்ல. மல்லாக்கப் போட்டா மொசல் அப்படித்தான் கெடக்கும். பயம். நாய் கவ்வினாலும் அப்படியேதான் கெடக்கும்."

உலகம்மை தன் கணைக்காலைக் குனிந்து பார்த்தாள். ஒரு மணி நேரம் தன் கால்மேல் அது பயந்து செத்துக் கிடந்திருக்கிறது. அவள் ராசாத்தி என்று கொஞ்சியிருக்கிறாள்.

டாக்டர் சூடு காட்டி, ஊசி போட்டு, வளைந்த நகங்களை நறுக்கி, பிசுக்கு முடியில் சோளமாவைத் தூவித் துடைத்தாள். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். இனித் தண்ணீர் படக்கூடாது. இருட்டான ஒரு மூலையில் பெட்டியைச் சாய்த்து வைக்க வேண்டும், வாய் திறந்திருக்க வேண்டும். முட்டைக்கோசும் பிஸ்கட்டும் கூடாது, அருகம்புல் போட வேண்டும். நாளை மத்தியானத்துக்குள் தின்று புழுக்கை போட்டால் பிழைத்தது. போடாவிட்டால் தூக்கிக்கொண்டு வர வேண்டும்; ஆனால் வந்தும் பெரிய பிரயோஜனம் இருக்காது.

"எல்லாத்தையும் விட முக்கியம், நீங்க தொடக் கூடாது. கொறச்சு நாள் வெறுதே, சும்மா விட்டேக்கணும். கைய மடியில வச்சுட்டு இருங்க. மனசிலாயோ?"

"அப்போ அழுக்கு?"

"அது தன்னத்தானே நக்கிக் குளிச்சுக்கும் அம்மே, பூனை மாதிரி. பயம் போயி, இது நம்ம வீடுன்னு தோணினாத்தான் குளிக்கும். அது உக்காந்து குளிக்கறத என்னைக்குப் பாக்கீங்களோ, அன்னைக்கு எல்லாம் சரியாயிடுச்சுன்னு வச்சுக்குங்க."

திரும்பும் வழியில் பழவங்காடியில் இறங்கி, பிள்ளையாருக்குச் சாத்துகிற அருகம்புல் விற்கிறவளிடம் ஒரு கட்டு வாங்கினாள். "மாலையா கட்டட்டா?" என்று அவள் கேட்டாள். "மொசலுக்கு" என்று உலகம்மை சொன்னதும் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் பெட்டியைச் சாய்த்து, கோணிச் சாக்கு விரித்து, முயலை உள்ளே விட்டுப் புல்லை வாசலில் வைத்தாள். பிறகு கட்டிலுக்கு எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். வேலை செய்து வலிக்கிற கைகளைவிடச் செய்யாமல் வைத்திருக்கிற கைகள் கனம் என்று அன்றைக்குத்தான் கண்டாள்.

மறுநாள் விடிந்து வேலைக்குப் புறப்படும்போது குனிந்து பார்த்தாள். புல் அப்படியே இருந்தது. பொன்செல்வி வீட்டில் முத்தாரம்மாள் முதல் கேள்வியே அதைத்தான் கேட்டாள்: "மொசலு எப்படி இருக்கு, உலகு?" பிச்சைக்கனி சொல்லிக் கொடுத்திருந்தபடி, "சொகமா இருக்குக்கா" என்றாள். சொல்லிவிட்டுத் தாயை முதலில் குளிப்பாட்டினாள். அந்தப் பொய்யோடு பிள்ளையை உடனே தொட அவளுக்குக் கை வரவில்லை.

பத்து மணிக்குச் செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் ஓடிப்போய்க் குனிந்தாள். புல் கட்டில் ஒரு ஓரம் காணவில்லை. சாக்கின்மேல் மிளகு மாதிரி நாலு புழுக்கை. நாலே நாலு. எத்தனையோ பச்சைப் பிள்ளைகளின் பீத்துணியை முகம் சுளிக்காமல் அலசியவள். ஆனால் எந்தப் பிள்ளை மலத்தையும் பார்த்து இப்படி அழுததில்லை.

சரி, பிழைத்துவிட்டது, இனிமேல் முயல் துள்ளிக் குதித்து மடியில் வந்து ஏறும் என்று நினைத்தால் அதுதான் இல்லை. இவள் வீட்டில் இருக்கிற நேரம் முழுக்க அது பெட்டிக்குள் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இவள் கால் சத்தம் கேட்டாலே பின்காலால் 'டொக்' என்று தரையை அடிக்கும். பிச்சைக்கனி மேலிருந்து வரும் மிளகாய் நெடிக்குத் தும்மியது. பாவம் மனுஷன், அடுத்த நாளிலிருந்து வெளிக் குழாயடியிலேயே சட்டையைக் கழற்றிப் போட்டு, மேல் கழுவி, வெற்று மேலோடு பூனைநடை போட்டு வீட்டுக்குள் வர ஆரம்பித்தார். "சொந்த வீட்டுக்குள்ள கள்ளன் மாதிரி வரவேண்டியிருக்கு" என்று முனகினாரே தவிர, ஒரு நாளும் சட்டையோடு வரவில்லை.

உலகம்மை தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து பார்த்தாள். கீரைத் தண்டை நீட்டிப் பார்த்தாள். பேசிப் பார்த்தாள். எதற்கும் அது திரும்பவில்லை. டாக்டர் சொன்ன குளியலை ஒரு தடவைகூடக் காணவில்லை. நாலு நாள், ஆறு நாள், எட்டு நாள். மூன்று வீட்டுத் தண்ணீரையும் ஊற்றிவிட்டு வந்து, அந்த மஞ்சள் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்காருவதே இன்னொரு வேலையாகிவிட்டது. ஒரு நாள் அலுப்புத் தாங்காமல், "போ சவமே, ஒருதரம் தெரியாம செஞ்சிட்டேன், அதுக்கு ஆயுசுக்கும் மொகத்தத் திருப்பிக்கிட்டு இருப்பியா?" என்று கத்திவிட்டாள். 'டொக்' என்றது முயல். உலகம்மை சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஒன்பதாம் நாள் காலை பொன்செல்வி வீட்டில் பிள்ளையைக் கணைக்காலின்மேல் போட்டு எண்ணெய் வைத்தாள். பிள்ளை கையையும் காலையும் தளரவிட்டு, கண்ணைத் திறந்தபடி கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பொன்செல்வி சிரித்தாள்.

"எங்க கைல என்ன பாடு படுத்துதான்! உங்க கை பட்டதும் எப்படிச் சொக்கிட்டான் பாருங்க, சித்தி."

உலகம்மையின் கை நின்றுவிட்டது. சொக்கிக் கிடக்கிறானா, பயந்து கிடக்கிறானா? இருபத்தாறு வருஷத்தில் எத்தனை பிள்ளைகள் இப்படிக் கிடந்திருக்கின்றன! அத்தனையையும் சுகம் என்றுதானே நினைத்தாள்? அவளால் கையை எடுக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

"அக்கா" என்றாள், முத்தாரம்மாளைப் பார்த்து. "அன்னைக்கு நான் பொய் சொன்னேன். மொசல எண்ணெய் தேச்சிக் குளிப்பாட்டுனேன். அது சாகப் பாத்துச்சி. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயித்தான் பொழச்சிச்சு. இப்பவும் என்னயக் கண்டா நடுங்குது."

முத்தாரம்மாள் எழுந்து வந்தாள். குனிந்து, எண்ணெய் வழுக்குகிற பேரனை உலகம்மையின் காலிலிருந்து இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டாள்.

"இன்னிக்கு இது போதும், உலகு. நாளைக்கு நாள் அவ்வளவு நல்லா இல்ல. சொல்லி அனுப்புதேன்."

அந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தம் என்று உலகம்மைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவள் போய்ச் சேருவதற்குள் இரண்டாவது வீட்டுக்கும் மூன்றாவது வீட்டுக்கும் செய்தி போய்விட்டிருந்தது. ஒரு வீட்டில் பிள்ளைக்குச் சளி என்றார்கள். இன்னொரு வீட்டில் கதவையே பாதிதான் திறந்தார்கள்.

பிச்சைக்கனி அவளைத் திட்டவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, "உண்மையச் சொல்லிட்ட. சரி, விடு" என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

மறுநாள் விடிந்தபோது எழுந்திருக்க ஒரு காரணமும் இல்லை. அவள் செத்த பிணம் மாதிரி பத்து மணி வரைக்கும் தூங்கினாள். எத்தனை வருஷம் கேட்ட தூக்கம்! ஆனால் எழுந்தபோது உடம்பு முன்னைவிட அலுத்துக் கிடந்தது.

அதற்கடுத்த நாள் பழக்கதோஷம், நாலரைக்கே விழிப்பு வந்துவிட்டது. மூட்டை இறக்க வேண்டும் என்று பிச்சைக்கனி ஐந்து மணிக்கே கடைக்குப் போய்விட்டார். உலகம்மை சுவரில் சாய்ந்து, கால் நீட்டி, கைகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விளக்குப் போடவில்லை. போட்டு எதைச் செய்ய? ஜன்னலில் வெளிச்சம் மெல்ல ஏறியது. ஆறு ஆயிற்று. அவள் தினமும் முதல் வீட்டில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிற நேரம்.

கட்டிலுக்கு அடியில் சரசரவென்று சத்தம். முயல் வெளியே வந்தது.

வந்த வரவைப் பார்க்க வேண்டுமே! பயந்து பதுங்கியா வந்தது? வீட்டுக்காரி வருகிற மாதிரி வந்தது. நேரே அரிசிப் பானைக்குப் போய்த் தாடையை அதன் விளிம்பில் தேய்த்தது. அங்கிருந்து அம்மிக்கு. அம்மியைச் சுற்றிப் பிச்சைக்கனியின் பாய்க்கு. பாயின் ஓரத்தில் ஒரு முழம் கடித்துக் குதறியது இதுதான் என்று உலகம்மை அப்போதுதான் கண்டாள். இத்தனை நாளும் எலி என்று நினைத்து அவர் திட்டிக்கொண்டிருந்தார். பிறகு என்ன நினைத்ததோ, அறையின் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஒரு ஓட்டம் ஓடி, நடுவில் உயரத் துள்ளி, காற்றிலேயே உடம்பை முறுக்கித் திரும்பி இறங்கியது.

உலகம்மை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. முயல் என்றைக்கோ இந்த வீட்டில் குடியேறிவிட்டது. தினமும் காலையில் இரண்டு பேரும் போன பிறகு இங்கே சந்தோஷமாகத்தான் இருந்திருக்கிறது. அவள்தான் அந்த நேரத்தில் இருந்ததில்லை. அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, வயிற்றெரிச்சலாகவும் இருந்தது. கண்ணீர் வந்தது, கையைத் தூக்கித் துடைத்தால் அது ஓடிவிடும் என்று துடைக்காமலே இருந்தாள்.

முயல் அவள் நீட்டிய காலைக் கண்டது. நின்றது. மூக்கை நடுக்கிக்கொண்டே ஒவ்வொரு அடியாக வந்து, வெடித்துப்போன குதிகாலை முகர்ந்தது. எந்தக் கணைக்காலின்மேல் அதை மல்லாக்கப் போட்டாளோ, அதே கணைக்கால் வரைக்கும் முகர்ந்து பார்த்தது. மடியில் கிடந்த கைகள் இரண்டும் துடித்தன. அவள் அசையவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தானா கதவைத் தள்ள வேண்டும்? "உலகு" என்று குரல். முத்தாரம்மாள் வாசலில் நின்றாள், நனைந்த குடையோடு, தலைகூட வாராமல். முயல் இரண்டு பாய்ச்சலில் கட்டில் காலடிக்குப் போய் நின்றது. உள்ளே ஓடவில்லை.

"மெதுவா, அக்கா. உள்ள வந்து உக்காருங்க. சத்தம் போடாதிய. வெளிய வந்திருக்கு."

ஆரியசாலையில் முத்தாரம்மாளிடம் சத்தம் போடாதே என்று சொன்னவர்கள் யாரும் கிடையாது. அவள் குடையை வெளியே சாய்த்துவிட்டு, வந்து பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"உயிரோடதான இருக்கு, கழுத!" என்றாள் தாழ்ந்த குரலில். நனைந்த சேலைக் கரையைப் பிழிந்துவிட்டாள். பிறகு சொன்னாள்: "நேத்தும் நாந்தான் ஊத்துனேன். வீடே இடிஞ்சி விழுத மாதிரி அழுதான். இன்னிக்கு விடியுமுன்னே முழிச்சிக்கிட்டு, எண்ணெய்க் கிண்ணத்தையே பாத்துப் பாத்துச் சிணுங்குதான். உன் கால்ல கெடக்கணும் அவனுக்கு. பயந்த பிள்ளைன்னா தேடுமாட்டி?"

உலகம்மை அந்தக் கேள்வியைத் தனக்குள்ளேயே ஒருதரம் கேட்டுப் பார்த்தாள். பயந்த பிள்ளை தேடுமா? தேடாது. இரண்டு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாறாங்கல்லை யாரோ புரட்டித் தள்ளிவிட்ட மாதிரி இருந்தது.

"எந்திரி. தண்ணி கொதிச்சிட்டு இருக்கு."

"ஒரு பத்து நிமிஷம், அக்கா."

இருபத்தாறு வருஷத்தில் அவள் ஒரு பிள்ளையைக் காக்க வைத்தது அதுதான் முதல் தடவை. முத்தாரம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தவள், உலகம்மை பார்த்த திசையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

கட்டில் காலடியில் முயல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. முன்காலிரண்டையும் தூக்கி, மாறி மாறி நக்கி, முகத்தைத் துடைத்தது. இடது காதை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து நக்கியது. வலது காதை இழுத்து நக்கியது. பிறகு உடம்பை வளைத்து, உலகம்மை எண்ணெயும் பயத்தமாவும் போட்டுத் தேய்த்தும் போகாத அந்த மஞ்சள் கறையை, அவசரமே இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சுத்தம் செய்தது. அடியில் வெள்ளை தெரிய ஆரம்பித்திருந்தது.

"காதுக்குப் பின்னால, காதுக்குப் பின்னால" என்று உலகம்மையின் உதடு அசைந்தது. சொன்னது கேட்ட மாதிரி, முயல் முன்காலை ஈரப்படுத்திக் காதுக்குப் பின்னாலும் ஒரு தேய்ப்புத் தேய்த்தது.

முத்தாரம்மாளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "என்ன உலகு, நம்மள விட நல்லால்லா குளிக்கி!"

உலகம்மை மடியிலிருந்து வீங்கிய மணிக்கட்டைத் தூக்கி இப்போதுதான் கண்ணைத் துடைத்தாள்.

"குளிக்கட்டும், அக்கா" என்றாள். "எனக்கு ஒரு ஆள் வேலை மிச்சம்."